நாய்க்குட்டி எந்தப் பக்கத்தில் வந்தது?

ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தொகுதிக்கு மூன்று கதைகள் என்ற கணக்கில் பெரிய அளவு வண்ணப் பதிப்பாகக் கிடைக்கிறது. அதில் முதல் எட்டுத் தொகுதிகளை இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துப் படித்து முடித்தேன். எட்டோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ரெனே கோசினி எழுதி ஆல்பெர் உடெர்சோ வரைந்த 24 கதைகளும் இந்த எட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. 1977இல் கோசினி இறந்த பிறகு உடெர்சோ தனியாகவும், அவருக்குப் பின் வேறு கைகளும் தொடர்ந்தவை அடுத்தடுத்த தொகுதிகளில் வருகின்றன. அவற்றிலும் சிலவற்றைப் படித்திருக்கிறேன்; இந்த எட்டையும் எடுப்பதுபோல் அவற்றைத் திரும்ப எடுக்கத் தோன்றுவதில்லை என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

இந்தக் கதைகள் எனக்குப் புதியவை அல்ல. ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எங்கள் பள்ளி நூலகத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு புத்தகங்களை, அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, சில இடங்களில் தாளே இல்லாமல் போயிருந்த நிலையிலும், எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்போது எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதைதான். ஆண்டு கி.மு. 50, இன்றைய பிரான்ஸ் இருக்கும் கோல் நாடு முழுவதையும் ரோமானியர் பிடித்துவிட்டார்கள், கடற்கரை ஓரத்தில் ஒரே ஒரு கிராமம் மட்டும் பணிய மறுக்கிறது, அந்த ஊர்ப் பூசாரி காய்ச்சும் கஷாயத்தைக் குடித்தவர்களுக்கு யானை பலம் வருகிறது, குழந்தையாக இருந்தபோதே கஷாய அண்டாவுக்குள் விழுந்துவிட்ட ஒபெலிக்ஸுக்கு மட்டும் அது தேவைப்படுவதில்லை, அடி வாங்கிய ரோமானியர்கள் செருப்பைத் தரையில் விட்டுவிட்டு ஆகாயத்தில் பறக்கிறார்கள். இவ்வளவே போதுமானதாக இருந்தது. இதில் ஏதோ குறைகிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது நாற்பத்தைந்து வயதில் அதே பக்கங்களைப் புரட்டும்போதுதான், அன்று நான் படித்தது புத்தகத்தில் பாதிதான் என்பதும், மறுபாதி என் கண்ணெதிரிலேயே அச்சாகிக் கிடந்தது என்பதும் புரிகின்றன.

பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும். கோல் நாட்டு ஆண்களின் பெயர் ‘இக்ஸ்’ என்றும், ரோமானியர் பெயர் ‘அஸ்’ என்றும், எகிப்தியர் பெயர் ‘இஸ்’ என்றும் முடியும் என்ற அளவுக்குச் சிறுவயதிலேயே பிடிபட்டிருந்தது. வாலைத்தான் பிடித்திருந்தேன், தலையைப் பார்க்கவில்லை. ஊர்த் தலைவரின் பெயர் வைட்டல்ஸ்டாட்டிஸ்டிக்ஸ். வாயில் நுழையாத பழங்காலப் பெயர் என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பின்னாளில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பிறப்பு இறப்புப் பதிவுகளின் மாதாந்திர அறிக்கையைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது, அதன் தலைப்பில் ‘வைட்டல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்று அச்சாகியிருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இறந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் இளநிலை உதவியாளனைக் கண்காணிப்பாளர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொற்களுக்கு உடலின் சுற்றளவுகள் என்றும் ஒரு பொருள் உண்டு என்பதும், இரண்டு பேர் தோளில் சுமக்கும் கேடயத்தின் மேல் தொந்தியோடு நிற்கும் மனிதருக்கு அதனால்தான் அப்பெயர் பொருந்துகிறது என்பதும் தெரிய மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஒரே பெயருக்கு இருமுறை, அதுவும் இடைவெளி விட்டு, சிரிக்க நேர்ந்தது அதுதான் முதல் முறை.

அவருடைய மனைவி இம்பெடிமென்டா. சீசர் தம் படையெடுப்பைப் பற்றி எழுதிய நூலில், படையோடு இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும் மூட்டை முடிச்சுகளுக்கு வழங்கும் இலத்தீன் சொல் அது. மீன்கடைக்காரர் அன்ஹைஜீனிக்ஸ், அவருடைய மீனின் வாசனையைப் பற்றித்தான் ஊரில் பாதிச் சண்டைகள் நடக்கின்றன. முதல் கதையில் வரும் ரோமானியத் தளபதி கிறிஸ்மஸ் போனஸ். தீபாவளி போனஸ் மட்டுமே தெரிந்திருந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இது எட்டாமல் போனதில் வியப்பில்லை. கடல் வணிகர் எகனாமிகிரைசிஸ். ஆனால் என்னால் மன்னித்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. காட்டை வெட்டி அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்ட வரும் கட்டடக் கலைஞரின் பெயர் ஸ்கொயர்ஆன்திஹைபாட்டனஸ். கர்ணத்தின் மேல் வரையப்படும் சதுரம், மற்ற இரு பக்கங்களின் மேல் வரையப்படும் சதுரங்களின் கூடுதலுக்குச் சமம் என்று மாதம் ஒரு முறை தேர்வில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் அந்தக் கதையையும் படித்தேன். இரண்டும் ஒரே பையில், ஒரே முதுகில் பயணம் செய்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

கதையின் இரு நாயகர்களின் பெயர்களில் இருக்கும் விளையாட்டு இவற்றைவிட அமைதியானது. அச்சில் அடிக்குறிப்புக்கு முதலில் இடுவது உடுக்குறி, அதாவது ஆஸ்டெரிஸ்க். அதே பக்கத்தில் இரண்டாவது குறிப்பு வந்தால் குத்துவாள் வடிவக் குறியை இடுவது பழைய வழக்கம். அதன் பெயர் ஒபெலஸ். ஒற்றைக்கல் தூணுக்குரிய ஒபெலிஸ்க் என்ற சொல்லும் அதனோடு சேர்ந்துகொள்ள, முதுகில் நெடுங்கல் சுமக்கும் பருமனான நண்பன் ஒபெலிக்ஸ் ஆகிறான். பக்கத்தின் அடியில் கிடக்கும் இரண்டு குறிகளைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கும் இந்த நகைச்சுவையை நான் கடைசியாகத்தான் கண்டுகொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை பிரெஞ்சு மூலத்தில் இல்லாதவை. ஆங்கிலத்தில் 1969 முதல் இக்கதைகளை மொழிபெயர்த்த ஆன்தியா பெல், டெரக் ஹாக்ரிட்ஜ் ஆகிய இருவர் உண்டாக்கியவை அவை. மூலத்தில் கட்டடக் கலைஞரின் பெயருக்குக் குறுங்கோணம் என்று பொருள். பாட்டுப் பாடி ஊரைத் துன்புறுத்தும் பாணனின் பெயருக்கு எல்லா ஆபத்துகளுக்குமான காப்பீடு என்று பொருள். ஆங்கிலத்தில் அந்தப் பாணன் ககோஃபோனிக்ஸ், அதாவது நாராசமானவன். மொழிபெயர்ப்பில் எதையாவது இழக்கத்தான் வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு நான் நாய்க்குட்டியின் பெயரைக் காட்டுவேன். பிரெஞ்சில் அதன் பெயர் ஈதேஃபிக்ஸ். மாறாத எண்ணம், பிடிவாதம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது டாக்மாட்டிக்ஸ் ஆயிற்று. பிடிவாதம் என்ற பொருள் அப்படியே இருக்க, ‘இக்ஸ்’ என்ற வாலும் இருக்க, மூலத்தில் இல்லாத நாய் ஒன்று பெயரின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பதிப்பின் முகப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயர்களைக் கண்கொண்டு பார்க்காமல் புரட்டிய அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து இப்போது வருந்துகிறேன்.

சிலேடை நமக்குப் புதிதல்ல. ஆனால் காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடும்போது, இது பாம்புக்கும் பழத்துக்கும் சிலேடை என்பது கேட்பவனுக்கு முன்பே தெரியும். பொருத்தம் எப்படி வந்து விழுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்கிறான். கோசினி அப்படி எந்த அறிவிப்பும் தருவதில்லை. படிப்பவன் கவனிக்காமல் போனாலும் கதையின் ஓட்டம் ஓர் அங்குலமும் தடுமாறாதபடி அதை வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். பள்ளி மாணவனாக நான் ஏமாற்றப்பட்டதாக உணராததற்கும், இன்று வேறொரு புத்தகம் கிடைத்ததுபோல் உணர்வதற்கும் இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படங்களுக்கு வருகிறேன். நான்காம் தொகுதியின் முதல் கதையில் ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் ரோமானியப் படையில் சேர்கிறார்கள். வழக்கம்போல வழியில் எதிர்ப்படும் கடற்கொள்ளையரின் கப்பல் வழக்கம்போல மூழ்குகிறது. பிழைத்தவர்கள் ஒரு கட்டுமரத்தில் குவிந்து கிடக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் ஒரு கலை வரலாற்று நூலில் தியோடர் ஜெரிக்கோவின் ‘மெடுசாவின் தெப்பம்’ என்ற 1819ஆம் ஆண்டு ஓவியத்தின் அச்சுப்படத்தைப் பார்த்தபோது, இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து, இந்த ஓவியர் காமிக்ஸைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்ற முடிவுக்கு ஒரு நிமிடம் வந்தே விட்டேன். அதே சரிந்த உடல்கள், அதே கூம்பு வடிவக் குவியல், அதே பாய்மரம். அந்தக் கட்டத்தில் கொள்ளையர் தலைவன் ஆங்கிலத்தில் சொல்லும் வசனம், ஜெரிக்கோவின் மேல் ஆணையாக நம்மைச் சட்டத்துக்குள் மாட்டிவிட்டார்கள் என்று பொருள்படும். சட்டமிடுதல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொய்வழக்கில் சிக்கவைப்பது என்றும் பொருள் உண்டு; ஜெரிக்கோ என்பதோ விவிலிய ஊரின் பெயர்போல் ஒலித்து ஓவியரைச் சுட்டுகிறது. பிரெஞ்சில் அவன் திகைத்துப்போனேன் என்கிறான். திகைப்புக்கான அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குள் மெடுசா இருக்கிறாள். இரண்டு மொழியிலும் ஒரே ஓவியத்தை நோக்கி இரண்டு வெவ்வேறு பாதைகள் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கொள்ளையர்களே ஒரு நையாண்டிதான் என்பதை மிக அண்மையில் அறிந்தேன். ஆஸ்டெரிக்ஸ் 1959 அக்டோபரில் தொடங்கிய ‘பிலோத்’ என்ற பிரெஞ்சு வார இதழில், ஷான்-மிஷேல் ஷார்லியே எழுதி விக்டர் ஊபினோன் வரைந்த செந்தாடிக் கொள்ளையனின் கடற்கதை ஒன்றும் வெளிவந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தொடரின் வீரநாயகர்களைத் தூக்கிவந்து, தங்கள் கதையில் தவறாமல் கப்பலை மூழ்கடித்து விளையாடியிருக்கிறார்கள். கட்டைக்காலோடு நிற்கும் கிழவன் ஒவ்வொரு முறையும் மூழ்கும்போது இலத்தீன் பொன்மொழி உதிர்ப்பதுகூட அங்கிருந்து வந்ததுதான். கேலிக்கு ஆளான அசல் எங்கள் நூலகத்தில் இல்லை. கேலி மட்டும் இருந்தது. அதனால் என்ன, கப்பல் மூழ்கும்போது சிரிப்பு வரத்தான் செய்தது.

இவைபோல இன்னும் பல உண்டு. எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட்டால் வாங்கிப் படிக்கிறவருக்கு எதுவும் மிஞ்சாது. குறிசொல்லி ஒருவன் மீனின் குடலை ஆராயும்போது ஊரார் சூழ்ந்து நிற்கும் கட்டம், ரெம்பிராண்டின் 1632ஆம் ஆண்டு உடற்கூறு ஓவியம். பிரிட்டன் கதையில் இளம்பெண்கள் கூச்சலிட்டுத் துரத்தும் நீள்முடிப் பாணர்கள் நால்வர் யார் என்பதை 1966இல் அக்கதை நூலாக வந்த காலத்து வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. அதே கதையில் பிரிட்டன்காரர்கள் சண்டையை நிறுத்திவிட்டு மாலை ஐந்து மணிக்கு வெறும் வெந்நீரைப் பால் சேர்த்துக் குடிக்கிறார்கள். ஆஸ்டெரிக்ஸ் அதில் போடும் தழைகள் என்னவென்று கடைசியில் தெரியும்போது, காலையில் குடித்த டம்ளரை ஒரு பார்வை பார்க்காமல் இருக்க முடியாது.

எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பில் இருந்தபோதுதான் இரண்டாம் தொகுதியை என் மகளுக்குக் கொடுத்தேன். அதில் நடுவில் இருக்கும் கதையில், ஊரைச் சுற்றி ரோமானியர் வேலி போட, ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் நாடு முழுவதும் சுற்றி ஊருக்கு ஒரு தின்பண்டமாக வாங்கிவந்து விருந்து வைப்பதாகப் பந்தயம் கட்டுகிறார்கள். பிரெஞ்சுத் தலைப்பு நேராகவே அந்நாட்டுச் சைக்கிள் பந்தயத்தை நினைவூட்டும். அவளுக்கு ஒன்பது வயது. ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிப் படிப்பதால் பேச்சுக் குமிழ்களை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு போனாள். அரைமணி நேரம் கழித்து, “ஏம்பா, இந்த நாய்க்குட்டி அந்தக் கடைவாசல்லேருந்து பின்னாடியே வந்துட்டே இருக்கே, பாவம், யாருமே பாக்கலையா?” என்றாள். எந்த நாய்க்குட்டி என்று கேட்டேன். பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். லுடீஷியாவில், அதாவது இன்றைய பாரிஸில், இருவரும் பன்றித்தொடை வாங்கும் கடையின் வாசலில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஊர் ஊராக, கட்டத்தின் ஓரத்தில், சண்டையின் பின்னால், படகின் மூலையில் என்று அது ஓடிவந்துகொண்டே இருக்கிறது. ஒபெலிக்ஸுக்குத் தெரியவில்லை, ஆஸ்டெரிக்ஸுக்குத் தெரியவில்லை, வசனத்தில் ஒரு சொல்கூட அதைப் பற்றி இல்லை. கடைசி விருந்தில்தான் ஒபெலிக்ஸ் குனிந்து பார்க்கிறான். பிற்பாடு டாக்மாட்டிக்ஸ் என்று பெயர் பெற்று, கதைதோறும் வந்து, மரம் சாய்ந்தால் அழும் அந்தப் புகழ்பெற்ற நாய் இப்படித்தான் 1965இல் வெளிவந்த இந்நூலுக்குள் ஓசைப்படாமல் நுழைந்திருக்கிறது.

பெயர்களின் பொருளைத் தேடி அகராதி புரட்டிய நான் அதுவரை அந்த நாயைக் கண்டதே இல்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசைப் பார்க்கப் போகிறவர்கள் யானையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த யானையின் காலடியிலேயே ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்ய, எலிகள் அதைச் சுற்றி விளையாடுவதை, பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஏதாவது ஒரு குழந்தைதான் சுட்டிக்காட்டும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததால் நான் இழந்தது அந்த நாய்க்குட்டி. ஆகவே இந்தத் தொகுதிகளை வாங்குகிறவர்களுக்கு நான் தரும் முதல் யோசனை, வசனத்தைப் படிக்காமல் ஒருமுறை முழுவதையும் பார்த்துவிடுங்கள் என்பதே.

அதே தொகுதியில் மூன்றாவதாக இருக்கும் கிளியோபாத்ரா கதையை அப்படிப் பார்த்தேன். அதன் அட்டையே 1963ஆம் ஆண்டின் பிரம்மாண்டத் திரைப்படம் ஒன்றின் சுவரொட்டியை நையாண்டி செய்வது; இந்தப் படைப்புக்கு 14 லிட்டர் மை, 30 தூரிகைகள், 62 மென்மையான பென்சில்கள், கடினமான பென்சில் 1, 27 அழிப்பான்கள் செலவாயின என்று பெருமை பேசும். உள்ளே ஒபெலிக்ஸ் ஸ்பிங்க்ஸ் சிலையின் மேல் ஏறும்போது அதன் மூக்கு உடைந்து விழுகிறது. இதை எந்தக் குழந்தையும் கவனித்துச் சிரிக்கும். அடுத்து வரும் கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. சிலைக்கு எதிரே நினைவுப்பொருள் விற்கும் கடைக்காரர்கள், தாங்கள் விற்பனைக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்பிங்க்ஸ்களின் மூக்குகளை வரிசையாக உளியால் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லே இல்லாத இந்தக் கட்டத்தை நான் எத்தனையோ முறை கடந்துபோயிருக்கிறேன். எந்தச் சுற்றுலாத் தலத்துக் கடைத்தெருவையும் அறிந்தவர்களுக்கு அந்த வேகமும் அக்கறையும் உடனே அடையாளம் தெரியும்.

எழுத்துரு பற்றியும் இரண்டு வரி. ஜெர்மானியர் பேசும்போது குமிழுக்குள் கோத்திக் எழுத்து. எகிப்தியர் பேசும்போது சித்திர எழுத்து. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கதையில் வடநாட்டுக் கடலோடிகளின் எழுத்துகளில் கோடும் வளையமும் ஏறியிருக்க, அவர்களைப்போல் பேச முயலும் ஒபெலிக்ஸ் கோட்டைத் தவறான எழுத்தில் போட்டுவிடுகிறான். உச்சரிப்புப் பிழையை அச்சில் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. ஊரில் கலகம் மூட்ட ரோம் அனுப்பும் ஆள் வந்து சேர்ந்ததும், சண்டை போடுகிறவர்களின் குமிழ்கள் பச்சை நிறமாக மாறும் கதை ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது. நூலகப் பிரதியில் அந்தப் பச்சையை அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன். இந்தப் பதிப்பில் நிறங்கள் தெளிவாக இருப்பதால் அப்படி நினைக்க வழியில்லை.

நிறம் தெளிவு, தாள் கெட்டி, மூன்று தனி நூல்கள் வாங்குவதைவிடச் செலவு குறைவு: இவை பதிப்பின் நிறைகள். குறை என்றால், மூன்று கதைகள் சேர்ந்த பருமனால் புத்தகம் மேசையில் தானாகப் படுக்காது. நடுமடிப்பை ஒரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளோரத்துக் கட்டங்களில் ஒரு விரல்கடை அளவு நிழலுக்குள் போய்விடுகிறது. நாய்க்குட்டிகள் ஒளிந்துகொள்ளும் இடம் பெரும்பாலும் கட்டத்தின் ஓரம்தான் என்பதால் இது சிறிய குறை அல்ல. மின்பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், கைப்பேசியில் கட்டம் கட்டமாக நகர்த்திப் படிக்கும்போது முழுப் பக்கத்தின் மேல் கண் அலையும் வாய்ப்பே போய்விடுகிறது. இணையக் கடை ஒன்றில் வாங்கிய முதல் இரண்டும் மூலை மடங்கி வந்தன. மற்றவற்றைப் புத்தகக் காட்சியில் கையால் எடுத்துப் பார்த்து வாங்கினேன்.

ஊர்களின் இன்றைய பெயரைச் சொல்வதுபோன்ற சில சிறு குறிப்புகள் தவிர, இந்தப் பதிப்பில் விளக்கவுரை எதுவும் கிடையாது. பின்னிணைப்பாக நான்கு பக்கம் சேர்த்து ஓவியங்களையும் பெயர்களையும் விளக்கியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகராட்சி அலுவலகத்தில் எனக்கு வந்த சிரிப்பைப் பதினொரு வயதிலேயே ஓர் அடிக்குறிப்பு கொடுத்திருந்தால், அதை அன்றே படித்து அன்றே மறந்திருப்பேன். ஆனால் ஒன்றை மட்டும் பதிப்பாளர் சொல்லாமல் விட்டது தவறு என்று கருதுகிறேன். கொள்ளையர் கப்பலில் பாய்மர உச்சியில் நிற்கும் கருப்பின மனிதனைத் தடித்த உதடுகளோடும் சிதைந்த உச்சரிப்போடும் கேலிச்சித்திரமாக வரைந்திருப்பது, அசல் கடற்கதையின் பாத்திரத்தை நையாண்டி செய்ததுதான் என்றாலும், இன்று கண்ணை உறுத்துகிறது. சிறுவயதில் நான் கவனிக்கத் தவறியவற்றில் அதுவும் ஒன்று. இதைத் தாமதமாகக் கண்டதில் சிரிப்பதற்கு எதுவுமில்லை. பெண்களை எழுதிய விதத்திலும் இந்த ஆசிரியர்கள் தங்கள் காலத்தைத் தாண்டிவிடவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், இரண்டாம் தொகுதி. முதல் தொகுதியில் ஓவியரின் கை இன்னும் படியவில்லை, முதல் கதையில் ஒபெலிக்ஸுக்கு வேலையே இல்லை. மூன்று, நான்கு, ஆறு ஆகியவற்றை எந்த வரிசையிலும் வாங்கலாம். அரசு அலுவலகத்திலோ நிதித் துறையிலோ பணிபுரிகிறவர்கள் எட்டாம் தொகுதியின் நடுக்கதையைத் தவறவிடக் கூடாது. ஊரைப் படையால் வெல்ல முடியாததால், பொருளாதாரம் படித்த இளைஞன் ஒருவனை அனுப்பி, யாருக்கும் பயன்படாத நெடுங்கற்களை ஏறும் விலைக்கு வாங்கவைத்து ஊரைக் கெடுக்கப் பார்க்கிறார் சீசர். அந்த இளைஞனின் முகம், 1976இல் அந்நூல் வந்தபோது பிரான்ஸ் அரசியலின் உச்சத்தில் இருந்த ஷாக் ஷிராக்கின் முகம். ஷிராக்கைத் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும்; இலக்கு, தேவை, விற்பனை என்று அட்டவணை போட்டு விளக்கும் அந்தக் குரலை நான் எத்தனையோ ஆய்வுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

அந்த எட்டாம் தொகுதியைக் கடைசியாக வாங்குங்கள். அதன் மூன்றாவது கதை பெல்ஜியத்தில் நடக்கிறது. டின்டின் கதைகளின் இரட்டைத் துப்பறிவாளர்கள், அந்தத் தொடருக்கே உரிய கையெழுத்து வடிவத்தில் பேசியபடி ஒரு கட்டத்தில் வந்துபோகிறார்கள். செய்தி கொண்டு ஓடும் தூதுவனின் முகம் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸுடையது. இறுதி விருந்து பீட்டர் புருகெல் வரைந்த உழவர் திருமண விருந்து. இவ்வளவு கொண்டாட்டத்துக்கு நடுவில், கதை பாதி கடந்தபின் வானம் கருக்கிறது. இந்நூல் உருவாகிக்கொண்டிருந்தபோதுதான், 1977 நவம்பர் 5 அன்று, இதயப் பரிசோதனைக்காக மருத்துவரிடம் சென்ற இடத்தில் கோசினி இறந்தார். அவருக்கு வயது 51. வசனம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எழுதிய நகைச்சுவையில் உடெர்சோ ஒரு சொல்லையும் மாற்றாமல், மீதிப் பக்கங்களின் வானத்தை மட்டும் சாம்பல் நிறமாக்கி, 1979இல் நூலை வெளியிட்டார். அந்தப் பக்கங்களைப் பெல்ஜியத்தின் மழைக்காலம் என்று எண்ணியே நான் முப்பது ஆண்டுகள் படித்திருக்கிறேன்.

நாய்க்குட்டியைக் கண்டுபிடித்தவள் சென்ற வாரம் அந்தக் கதைக்கு வந்து சேர்ந்தாள். விருந்துக்குச் சில பக்கங்கள் முன்னால் நிறுத்தி, “ஏம்பா, இங்கேருந்து வானம் ஏன் இப்படி இருட்டாவே இருக்கு?” என்று கேட்டாள்.

“மழை வருதும்மா” என்றேன்.